மகன் கூப்பிட்டால் மட்டும் கேட்கும் காது

"அவங்களுக்கு வேண்டியது மட்டும்தான் காதுல விழும்" என்று வீட்டுப் பெரியவர்களைப் பற்றிச் சொல்லாத குடும்பம் குறைவு. இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. பல வீடுகளில் பிரச்சினை அவர்களுடைய குணத்தில் இல்லை, காதில் இருக்கிறது. அந்தக் காதைத்தான் யாரும் கூட்டிப்போய்க் காட்டியிருக்க மாட்டார்கள்.

தோழி ஒருத்தியின் வீட்டில் நடந்தது இது. மகன் கூப்பிட்டால் மாமியார் உடனே திரும்புவார், மருமகள் கூப்பிட்டால் அசைய மாட்டார். வேணும்னே பண்றாங்க என்று இவள் முடிவு கட்டிவிட்டாள். அந்தப் பக்கம் மாமியாரோ, மகனும் மருமகளும் தணிந்த குரலில் பேசிச் சிரித்தாலே அது தன்னைப் பற்றித்தான் என்று நினைத்து, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொள்வார். இப்படியே வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். கடைசியில் காது அரிக்கிறது என்று டாக்டரிடம் போனபோதுதான், அவர் சந்தேகப்பட்டு, எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் ஆடியோகிராம் பரிசோதனை எடுக்கச் சொன்னார். இரண்டு காதிலும் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் பெருமளவு கேட்கவில்லை.

வயதாகும்போது காது ஒரேயடியாக அடைத்துப்போவதில்லை. உள்காதில் இருக்கிற நுண்ணிய மயிர்செல்களில் உயர்ந்த ஒலிகளை வாங்குகிறவைதான் முதலில் பழுதாகும், திரும்ப முளைக்கவும் முளைக்காது. அ, ஆ, ஓ போன்ற உயிர் ஒலிகள் தாழ்ந்தவை, நன்றாகவே கேட்கும். ச, த, க போன்றவைதான் நழுவிப்போகும். அதனால் யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்று புரியாது. பல், கல் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் பொதுவாக உயர்ந்தவை என்பதால் அவைதான் முதலில் தேயும். அதிலும் மருமகள் சமையலறையிலிருந்து, மிக்ஸி ஓடும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு கூப்பிடுகிறாள், மகன் எதிரில் வந்து நின்று கனத்த குரலில் பேசுகிறான். இதில் பாசம், பாரபட்சம் எல்லாம் எங்கிருந்து வந்தது?

கத்தினால் சரியாகிவிடும் என்பதும் தப்பு. கத்தும்போது உயிர் ஒலிதான் பெரிதாகிறது, மெய்யெழுத்து தெளிவாவதில்லை. போதாததற்கு, இப்படிப்பட்ட காதுக்கு உரத்த சத்தம் சட்டென்று எரிச்சலாகவும் ஆகிவிடும். "ஏன் கத்துற?" என்று அவர்கள் சீறினால் அது உண்மையான வேதனை. எதிரில் போய் முகம் தெரிய நின்று, டிவியைக் குறைத்துவிட்டு நிதானமாகப் பேசினால் போதும். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள்.

60 வயதுக்கு மேற்பட்டவர்களில் கால்வாசிக்கும் அதிகமானோருக்கு அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவு கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதுமை மறதி நோய் (டிமென்ஷியா) வரும் வாய்ப்பைக் கூட்டுகிறவற்றில் நம்மால் சரிசெய்யக்கூடியவை என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2017லிருந்து சொல்லிவருகிற பட்டியலிலும் இது இருக்கிறது. சரி, எல்லாமே இவ்வளவு பெரிய விஷயமாகவும் இருக்க வேண்டியதில்லை, சில பேருக்கு வெறும் காதழுக்குதான், டாக்டர் எடுத்துவிட்டால் தீர்ந்தது. எதுவாக இருந்தாலும் பரிசோதனை செய்தால்தான் தெரியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே எடுக்கலாம், ஊசி கிடையாது, வலி கிடையாது.

அப்புறம் காது மிஷின். வாங்கிக் கொடுத்த கொஞ்ச நாளிலேயே கழற்றி பீரோவில் வைத்துவிட்டால், "பணம் தண்டம், அவங்களுக்கு இஷ்டமில்லை" என்று அடுத்த முடிவுக்குப் போய்விடாதீர்கள். பல காலம் கேட்காத தட்டுச் சத்தமும் ஃபேன் சத்தமும் திடீரென்று உள்ளே வரும்போது மூளை அதற்குப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். மிஷினை எடுத்துக்கொண்டு திரும்பப் போய், எந்தச் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, அளவைத் திருத்தி வாங்கி வாருங்கள்.