பழைய அலெம்பிக் பேஸ் கிட்டாரைச் சீரமைத்தல்

கலிஃபோர்னியாவில் 1969-இல் தொடங்கப்பட்ட அலெம்பிக் பட்டறையில், எழுபதுகளில் கையால் செய்யப்பட்ட பேஸ் கிட்டார் ஒன்றைச் சீரமைக்கும்போது அதன் மெருகைவிட மின்சுற்றுக்கே முதலிடம் கொடுத்தேன். ஒலிக்குறிப்பைக் கருவிக்குள்ளேயே பெருக்கும் அச்சுற்றின் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் (மின்பகு திரவம் கொண்ட மின்தேக்கிகள்) காலப்போக்கில் உலர்ந்து இரைச்சலைக் கூட்டும் என்பதால், அவற்றை மட்டும் மாற்றிவிட்டு, கம்பிகளின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப்புகளைத் தொடாமல் விட்டேன்.

கழுத்து மரம் உடலின் ஊடாக அடிவரை தொடர்ந்து செல்வதால் அதைத் தனியே கழற்ற வழியில்லை; எனவே உள்ளிருக்கும் இரண்டு ட்ரஸ் ராடுகளையும் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டுகள்) சிறிது சிறிதாகத் திருகி, கம்பிகளின் இழுவிசைக்கு மரம் இணங்கும்வரை ஒவ்வொரு முறையும் காத்திருந்தே வளைவை நேராக்கினேன். பழைய பூச்சைச் சுரண்டச் சொன்ன நண்பர்களுக்கு (பளபளப்பில் மயங்குவோர் எங்கும் உண்டு) நான் செவிசாய்க்கவில்லை. இறுதியாக, உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பித்தளை பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியின் தாங்கியையும் நகர்த்தி, கழுத்தின் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் (உலோகக் குறுக்குப்பட்டை) சுருதியைச் சரிசெய்தேன்.