படுவான்கரைக்குப் போன மிஸ்ஸி

2024 நவம்பர் 23, சனி

மட்டக்களப்பில் 1978 சூறாவளி அடித்து இன்றோடு 46 வருசம். அந்த இரவைப் பற்றிக் கேட்கத்தான் களுவாஞ்சிகுடிக்குப் போனேன். அந்த நாளில் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருந்த பெரியம்மாவின் பேச்சோ அதற்கும் முன்னால் போய்விட்டது. குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஏறி, மேற்குக் கரையான படுவான்கரையில் மண்டூர்ப் பக்கம் இறங்கி, வரம்பில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன காலம். ஆஸ்பத்திரித் தாதிக்கு வீடு வீடாகப் போகும் கடமை இல்லை, அது அரசாங்க மருத்துவிச்சியின் வேலை. லீவு நாளில் ஏன் போனீர்கள் என்றேன். "நான் போகாட்டி ஆரு புள்ள போற?" என்றார்.

நவம்பர் 25, திங்கள்

மழை விடவில்லை. போனில் நிறையச் சொன்னார்.

அப்போது பிள்ளைப்பேறு பெரும்பாலும் வீட்டில்தான். கையில் அகப்பட்ட எதனாலும் தொப்புள்கொடியை அறுத்துச் சாம்பலை அப்பிவிடுவார்களாம். நல்ல சுகமாகப் பிறந்த பிள்ளை ஒரு கிழமைக்குள் தாடை இறுகி, முலை பிடிக்க ஏலாமல் விறைத்துப் போகும். ஏற்புவலி, அதாவது டெட்டனஸ். வீட்டார் மந்திரிக்கும் கட்டாடியாரைக் கூப்பிட்டு நூல் கட்டுவார்கள்.

ஊர் மருத்துவிச்சிக் கிழவியோடு பெரியம்மா சண்டைக்குப் போகவில்லை. திண்ணையில் இருந்து வெற்றிலை போட்டார். "எத்தின புள்ள எடுத்த கை இது, எனக்குப் படிப்பிக்க வந்திட்டா" என்று கிழவி முதலில் முறைத்தாராம். சரி, படிப்பிக்கவில்லை என்று சொல்லி, புது சவர பிளேட்டையும் நூலையும் கொடுத்து, இரண்டையும் அவித்து எடுங்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறார். 1969இல் கர்ப்பிணிகளுக்கு ஏற்புவலித் தடுப்பூசி வந்தபோது, ஊசிக்குப் பயந்து ஒளித்த பெண்களைக் கிளினிக்குக்கு இழுத்து வந்ததே அந்தக் கிழவிதான்.

பழைய தாதிமாரைப் பற்றி எழுதுகிறவர்கள் மூடநம்பிக்கையை விரட்டினார், அது இது என்று எழுதுவார்கள். பெரியம்மாவிடம் அப்படிச் சொன்னால் கோபம் வரும். கிழவி இல்லாமல் ஒரு வீட்டுப் படலையும் தனக்குத் திறந்திருக்காது என்பார்.

நவம்பர் 27, புதன்

வெள்ளம். உயர்தரப் பரீட்சையை நிறுத்திவிட்டார்கள். கரண்ட் இல்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

ஒருவழியாகச் சூறாவளிக் கதைக்கு வந்தார். கூரை பறந்ததும் நோயாளிகளைக் கட்டிலுக்குக் கீழே படுக்கவைத்தாராம். விடிந்து பார்த்தால் தென்னைகள் விழுந்து றோட்டே தெரியவில்லை. குடிசை போன கிழவி ஆஸ்பத்திரிக்கு வந்து, சொல்லாமலே அடுப்பு மூட்டித் தண்ணீர் கொதிக்கவைத்தாராம்.

அப்புறம் மலேரியா. 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்குத்தான் இருந்தது. முடிந்தது என்று நோயாளிகளைத் தேடுவதைத் தளர்த்த, 1969இல் 5 இலட்சத்தைத் தாண்டியது. அதற்குப் பிறகு காய்ச்சல் என்று யார் வந்தாலும் விரலில் குத்திக் கண்ணாடியில் இரத்தம் எடுக்காமல் அவர் விட்டதில்லை. 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார அமைப்பு சான்று தந்ததைச் சொன்னேன். "முந்தியும் இப்பிடித்தான் சொன்னவங்க" என்று சிரித்தார்.

வெள்ளம் ஏறிய கிணறுகளுக்குக் குளோரின் போட்டாச்சா, பிஎச்ஐயை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) கேட்டுச் சொல் என்கிறார். நாளைக்குக் கேட்க வேண்டும்.