90 புள்ளியும் 99 புள்ளியும்

1991-இல் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்காக வெளிவந்த ஃபைனல் ஃபேண்டசி 4 கேமில் டெல்லா என்றொரு கிழவர் வருகிறார். ஒரு காலத்தில் பெரிய மந்திரவாதியாக இருந்து, முதுமையில் கற்ற மந்திரங்களில் பலவற்றை மறந்துபோனவர். ஓர் இளவரசனை நம்பி வீட்டைவிட்டுப் போன மகள் ஆன்னாவைத் தேடிப் புறப்பட்டவருக்கு, குண்டுவீச்சில் இடிந்த கோட்டைக்குள் அவள் உயிர் பிரிவதைப் பார்க்கத்தான் கொடுத்துவைத்திருக்கிறது. தாக்குதலை ஏவிய கோல்பெஸைப் பழிவாங்க அவர் நாடும் மந்திரத்தின் பெயர் மீட்டியோ. சோதனை மலையின் உச்சியில் அது அவருக்குக் கிடைக்கிறது. கிடைத்த உடனே, இந்த வகைக் கேம்களை ஆடும் யாரும் செய்வதைப் போல, நானும் மெனுவைத் திறந்து பார்த்தேன். மீட்டியோவை ஏவ 99 மந்திரப் புள்ளிகள் வேண்டும். டெல்லாவிடம் இருந்தவை 90.

முதல் முறை ஆடியபோது இதை வெறும் கணக்காகத்தான் எடுத்துக்கொண்டேன். 9 புள்ளிதானே குறைகிறது, நாலைந்து லெவல் ஏறினால் சரியாகிவிடும் என்று ஒரு மாலைப்பொழுது முழுவதையும் மலையடிவாரத்து அரக்கர்களோடு கழித்தேன். லெவல் ஏறியது, மந்திரப் புள்ளி ஏறவில்லை. போதாக்குறைக்கு, மற்றவர்களுக்கு லெவல் ஏற ஏற உடல் வலிமை கூடிக்கொண்டிருக்க, இவருக்கு மட்டும் அது குறைந்துகொண்டே வந்தது. கேமில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். பல மணி நேரம் கழித்து, சாட் கோபுரத்தில் கோல்பெஸ் எதிரே வந்து நின்றபோது, டெல்லா என் கட்டளைக்குக் காத்திராமல் மீட்டியோவை ஏவினார். பற்றாக்குறையாக நின்ற 9 புள்ளிக்குத் தன் உயிரை ஈடு வைத்தார்.

இப்படிப் பாத்திரங்களை லெவல் லெவலாக வளர்த்துக்கொண்டு கதையில் முன்னேறும் ஜப்பானிய ரோல்-பிளேயிங் கேம்களைப் பற்றிப் பேச்சு வந்தால், கதைக்கு எவ்வளவு இடம், ஆட்டத்துக்கு எவ்வளவு இடம், எது மிஞ்சினால் எது கெடும் என்ற விவாதம் எப்படியும் தலைகாட்டிவிடும். அரை மணி நேரக் காட்சியைக் கைகட்டிப் பார்க்கவைக்கிறார்கள் என்று ஒரு தரப்பும், சலிப்பூட்டும் சண்டைகளால் கதை நகர மறுக்கிறது என்று மறுதரப்பும் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இரு தரப்பும் கையில் பிடித்திருப்பது ஒரே தராசு. அந்தத் தராசில் டெல்லாவின் 90-ஐ எந்தத் தட்டில் வைப்பது? அது ஆட்ட விதியா, கதையா? என்னால் பிரிக்க முடியவில்லை. (இனி நான் சொல்லப்போகும் கேம்களில் பெரும்பாலானவை வெளிவந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டதால், முடிவுகளை மறைக்காமலே எழுதுகிறேன்.)

இந்த வகையின் பிறப்பிலேயே அந்தப் பிரிவினை இருந்ததில்லை. 1983-இல் கொலை வழக்கொன்றைத் துப்புத்துலக்கும் கேமை உருவாக்கிய யூஜி ஹோரி, அமெரிக்காவிலிருந்து வந்த விஸார்ட்ரி, அல்டிமா ஆகிய கேம்களில் ஈடுபாடு கொண்டு, அவற்றின் எண்கணக்குகளைச் சாதாரண ஃபாமிகாம் ஆட்டக்காரருக்கும் எட்டும்படி எளிமைப்படுத்தி 1986-இல் டிராகன் குவெஸ்ட்டைக் கொடுத்தார். கைவேகம் இல்லாதவரும் அதை முடிக்கலாம். செத்தால் பாதிப் பணம் போகும், ஆனால் ஈட்டிய அனுபவப் புள்ளிகள் போகாது. ஆகவே பொறுமையாக உழைப்பவர் எப்படியும் முன்னேறுவார். நேற்று இரண்டு அடியில் நம்மைச் சாய்த்த பூதத்தை இன்று ஒரே வீச்சில் நாம் சாய்க்கும்போது, எளியவன் வீரனாகும் கதையை யாரும் வாய்திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. லெவல் ஏறுவதுதான் கதை. பின்னால் பாத்திரங்களுக்கு முகமும் பேச்சும் கடந்தகாலமும் வந்து சேர்ந்தபோது, எண்கள் ஒரு பக்கமும் கதை இன்னொரு பக்கமுமாக நடக்கத் தொடங்கின.

ஹோரி மட்டும் இரண்டையும் கைவிடவில்லை. 1992-இல் வந்த டிராகன் குவெஸ்ட் 5-இல் நாம் முதலில் ஒரு சிறுவன். தந்தை பாப்பாஸோடு ஊர் ஊராகச் செல்கிறோம். சண்டை வந்தால் அவருக்கு நாம் கட்டளையிட முடியாது. அவராகவே ஒரு சுற்றில் இரண்டு முறை வெட்டுகிறார், நமக்குக் காயம் பட்டிருந்தால் அவராகவே மந்திரம் சொல்லி ஆற்றுகிறார். நாம் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு ஒன்றோ இரண்டோ புள்ளி சேதம் விளைவித்துக்கொண்டிருப்போம். அப்பாவின் நிழலில் பாதுகாப்பாக இருப்பது என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வசனமும் சொல்லிவிடாது. சில மணி நேரத்தில், மகனின் கழுத்தில் ஆயுதத்தை வைத்துப் பகைவர்கள் மிரட்ட, அதே பாப்பாஸ் திருப்பி அடிக்காமல் அடி மேல் அடி வாங்கிச் சாகிறார். இரண்டு முறை வெட்டும் அந்தக் கை எவ்வளவு வலுவானது என்பது நமக்குப் பழகிப்போன எண்ணாக இருப்பதால்தான், அது அசையாமல் நிற்பது தாங்க முடியாததாகிறது.

ஆறுதலாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாக் கேமும் இப்படி இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் முடியாது. 1997-இல் வந்த ஃபைனல் ஃபேண்டசி 7-இல் நம் குழுவில் ஒருத்தியான ஏரித் கத்திக்குத்தில் இறக்கும்போது, பையில் இருக்கும் ஃபீனிக்ஸ் இறகைக் கொண்டு அவளை ஏன் எழுப்பக் கூடாது என்று கேட்காத ஆட்டக்காரர் இல்லை. சண்டையில் விழுந்தவரை எல்லாம் அந்த இறகு எழுப்பிவிடுகிறதே! பின்பகுதியில், உலகத்தை அழிக்கப்போகும் விண்கல் வானத்தில் சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருக்க, நாம் தங்கநிறச் சோகோபோப் பறவை பிறக்கும்வரை சாவதானமாக ஜோடி சேர்த்துக்கொண்டிருப்போம். விண்கல்லும் பெருந்தன்மையோடு காத்திருக்கும். இதையெல்லாம் மீறி ஏரித்தின் மரணம் நெஞ்சில் தங்குகிறது. நோபுவோ உவேமாட்சுவின் இசை ஒரு காரணம். இன்னொரு காரணம், மிகச் சிக்கனமாக, மெனுவில் அவள் பெயர் இருந்த இடம் காலியாகக் கிடப்பது. அவளுக்கென்று நாம் பார்த்துப் பார்த்து வளர்த்த எண்கள் எங்கே போயின என்று தெரியாது. ஆனால் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே இதே நிறுவனம் இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை கண்டிருந்தது. ஃபைனல் ஃபேண்டசி 4-இல் பாலோம், போரோம் என்ற இரட்டைக் குழந்தைகள், நெருங்கிவரும் சுவர்களைத் தடுக்கத் தங்களைத் தாங்களே கல்லாக்கிக்கொள்கிறார்கள். கல்லானவரை மீட்கும் மந்திரத்தை டெல்லா உடனே சொல்லிப் பார்க்கிறார், பலிக்கவில்லை. விரும்பி ஏற்ற கல்லுரு அது. நம் மனத்தில் எழும் கேள்வியை அவரே எழுப்பி அவரே தோற்றுவிடுவதால் நமக்கு மறுபேச்சு இல்லாமல் போகிறது. (அந்தக் கேமில் செத்ததாக நாம் நம்பிய பலர் கடைசியில் திரும்பி வந்துவிடுவது வேறு கதை. அந்த இடத்தில் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.)

விதியும் கதையும் ஒத்துப்போனால் போதும் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். ஒத்துப்போயும் கெட்ட கேம் உண்டு. 2009-இல் வந்த ஃபைனல் ஃபேண்டசி 13-இன் நாயகர்கள் அரசால் வேட்டையாடப்படும் ஓடுகாலிகள். ஊரில் நின்று பேசவோ கடைத்தெருவில் உலாவவோ அவர்களுக்கு நேரமில்லை, ஆகவே கேமும் நம்மை ஒரே நீண்ட தாழ்வாரத்தில் ஓடவிடுகிறது. 13 அத்தியாயங்களில் 11-ஆவதில்தான் திறந்தவெளி என்ற ஒன்றைப் பார்க்கிறோம். கதையோடு கச்சிதமாகப் பொருந்தும் ஏற்பாடுதான். ஆனால் குழுவில் யார் இருப்பது என்பதைக் கதை முடிவுசெய்கிறது, எவ்வளவு வளரலாம் என்பதற்கு அத்தியாயத்துக்கு அத்தியாயம் உச்சவரம்பு இருக்கிறது, எந்தத் தாக்குதல் என்பதைக்கூட ஒரு பொத்தானை அழுத்தினால் கணினியே பார்த்துக்கொள்கிறது. குழுவின் பணிப் பங்கீட்டைச் சண்டைக்கு நடுவே மாற்றும் அருமையான ஏற்பாடு ஒன்று உள்ளே இருந்தும், அது முழுமையாக மலர்வதற்குள் நான் ஏறக்குறைய 20 மணி நேரத்தைச் செலவழித்திருந்தேன். அவர்களுக்கு விடுதலை இல்லை என்பது சரி. எனக்கும் ஏன் இல்லை?

பெர்சோனா வரிசையில் சிக்கல் வேறு மாதிரியானது. 2006-இல் பெர்சோனா 3 கொண்டுவந்த நாட்காட்டி முறை, விண்கல் காத்திருக்கும் அபத்தத்துக்கு நல்ல மருந்து. மாலையை நண்பனோடு கழித்தால் படிக்க முடியாது, படித்தால் நிலவறைக்குப் போக முடியாது, கெடு நாள் தவறாமல் வரும். பள்ளி மாணவனுக்கு நேரம் என்பது எவ்வளவு அரிய பண்டம் என்பதை அது உணரவைக்கிறது. (2016-இல் வந்த பெர்சோனா 5-இல், வெளியே கிளம்பும் நம்மைப் படுத்துத் தூங்கச் சொல்லும் பூனையை மன்னிக்க நான் இன்னும் தயாராக இல்லை.) ஆனால் நட்புக்கும் அங்கே மதிப்பெண் உண்டு. ஒரு தோழி தன் தந்தையைப் பற்றிக் கலங்கிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, எந்தப் பதிலைச் சொன்னால் 3 புள்ளி கிடைக்கும் என்று நான் கைபேசியில் தேடிக்கொண்டிருந்தேன். அவளுக்கு உரிய டாரட் சீட்டைச் சேர்ந்த பெர்சோனா (சண்டையில் நாம் அழைக்கும் துணை உரு) ஒன்று கையிருப்பில் இருந்தால் அதே பேச்சுக்குப் புள்ளி கூடுதலாகக் கிடைக்கும் என்பதால், சந்திப்புக்கு முன்பே அதற்கும் ஏற்பாடு செய்துவைத்திருந்தேன். உண்மையான உறவே மனிதனுக்கு வலிமை என்று கதை சொல்கிறது. விதியோ என்னை ஒரு தரகனாக்கிவிட்டது.

இதற்கு நேர்மாறாக, 2001-இல் வந்த ஃபைனல் ஃபேண்டசி 10-ஐ நினைத்துப்பார்க்கிறேன். அதுவும் தாழ்வாரம்தான். தெற்கிலிருந்து வடக்கே ஒரே பாதை. ஆனாலும் அதை யாரும் அவ்வளவாகக் குறைசொல்வதில்லை. ஏழு பேரில் யாரையும் சண்டையின் நடுவிலேயே மாற்றிக்கொள்ளலாம், பறக்கும் எதிரிக்கு வாக்காவின் பந்து, கெட்டி ஓடு உடையதற்கு ஆரோனின் வாள், கூழ் போன்ற உடலுக்கு லூலுவின் மந்திரம் என்று ஒவ்வொரு சண்டையிலும் நமக்கு ஒரு வேலை இருக்கிறது என்பது ஒரு காரணம். முக்கியமான காரணம் அந்தப் பாதையே ஒரு யாத்திரை என்பது. சின் என்ற அழிவுப் பேருருவத்தை வீழ்த்துவதற்காக, குழுவில் ஒருத்தியான யூனா, கோயில் கோயிலாகச் சென்று தவமிருந்து, சண்டையில் அழைக்கக்கூடிய தெய்வ விலங்குகளை ஒவ்வொன்றாகப் பெறுகிறாள். புதியது ஒன்று கிடைக்கும்போதெல்லாம் நாம் துள்ளுகிறோம், ஏனென்றால் நம் படை வலுக்கிறது. யாத்திரையின் முடிவில் கடைசி விலங்கை அழைப்பவள் உயிரோடு மீள்வதில்லை என்பது உடன்வரும் அத்தனை பேருக்கும் தெரியும், நாயகன் டீடஸுக்கும் நமக்கும் மட்டும் தெரியாது. எல்லாம் முடிந்ததும் எங்கெங்கே போகலாம் என்று அவன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வர, மற்றவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். உண்மை தெரியவரும்போது, இதுவரை நாம் கொண்டாடிய ஒவ்வொரு வெற்றியும் அவளைச் சாவுக்கு ஒரு கோயில் அருகே தள்ளியது என்பது உறைக்கிறது. தள்ளியது கதாசிரியர் மட்டுமல்ல, நாமும்தான்.

அந்த விலங்குகளுக்குப் பெயர் வைக்கும் உரிமையையும் கேம் நமக்குத் தருகிறது. முதலில் கிடைத்த சிறகுள்ள பறவைக்கு, சிறுவயதில் எங்கள் வீட்டில் இருந்த நாயின் பெயரை, ஆங்கில எழுத்துகளில் மணி என்று வைத்தேன். ஐம்பது மணி நேரத்துக்கு மேல் அது என்னோடு இருந்தது. இறுதியில், அந்தப் பேருருவத்தை வீழ்த்திய பிறகும், அதனுள் இருக்கும் யூ யெவன் என்ற ஆவி வேறு உடல் தேடும். அதற்கு ஒளிந்துகொள்ள இடமில்லாமல் செய்ய, நம் விலங்குகளை ஒவ்வொன்றாக நாமே அழைத்து, அது உள்ளே புகுந்ததும் நாமே கொல்ல வேண்டும். இந்தச் சண்டைகளில் தோற்கவே முடியாது. விழுந்தவர் தானாக எழுந்துவிடும்படி விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆட்டத்தின் கணக்கில் பார்த்தால் அதில் சவால் என்று எதுவும் இல்லை. காட்சியாக ஓடவிட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், தாக்கு என்ற சொல்லை நம் விரலாலேயே தேர்ந்தெடுக்கவைக்கிறார்கள்.

மணியைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். அந்தக் கேமில் நாம் கட்டளை கொடுக்கும்வரை காலம் நகராது. கட்டுப்பாட்டுக் கருவியைத் தரையில் வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். திரையில் அது சிறகை மெல்ல அசைத்தபடி அதே இடத்தில் நின்றிருந்தது.