வாடைக்காலத்து ஐசிங்

அக்டோபர் 27

வெறும் வயிற்றில் சர்க்கரை 97. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தொண்ணூற்றைந்துக்குள் இருக்க வேண்டுமாம். ராத்திரி தின்றது ஒரு கேழ்வரகு தோசை, அதுவும் சின்னது.

ராமநாதபுரத்து டீச்சர் கூப்பிட்டார். மகனுக்கு நவம்பர் 16 பிறந்தநாள். முப்பது குக்கீஸ், 'கேம்பிங்' தீம். படமும் அனுப்பியிருக்கிறார்: கூடாரம், எரிகிற விறகு, பனி மூடின மலை, ஊசியிலை மரம், ஒரு கரடி. அம்மா எதிரே நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். கால் வீங்கிப்போய் எப்படியும் உட்கார்ந்துதான் இருக்கிறேன். இதுவும் உட்கார்ந்து செய்கிற வேலைதான்.

அக்டோபர் 28

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள். அப்பா கடலுக்குப் போகவில்லை. வீட்டுக்குள் எதைத் தொட்டாலும் பிசுபிசுக்கிறது, உப்பு ஜாடி கசிகிறது. இந்த லட்சணத்தில் குக்கீஸ் மேல் சர்க்கரை ஐசிங்.

அக்டோபர் 30

காலை 94. மத்தியானம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 126. நூற்றிருபதுக்கு ஆறு கூடுதல். நகரை மீன் குழம்பில் என்ன சர்க்கரை இருக்கப்போகிறது, சோறுதான். நாளையிலிருந்து அந்தக் கரண்டியையே மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

பரிசோதனைக்கு ஒரு சின்னக் கலவை அடித்துப் பார்த்தேன். ஐசிங் சுகர் 450 கிராம், மெரிங் பவுடர் (உலர்ந்த முட்டை வெள்ளைக்கருத் தூள்) மூன்று டேபிள்ஸ்பூன், தண்ணீர் ஐந்து டேபிள்ஸ்பூன், தேவைப்பட்டால் ஆறு. பச்சை முட்டை வெள்ளைக்கருவில் அடிப்பவர்களும் உண்டு. பிள்ளைகள் சாப்பிடுவது, அதனால் நான் பவுடரோடு நிறுத்திக்கொள்வேன். பாத்திரத்தில் ஒரு சொட்டு எண்ணெய்ப் பசை இருந்தாலும் நுரை எழும்பாது. எங்கள் வீட்டில் மீன் பொரிக்காத பாத்திரம் ஏது? புது எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை எலுமிச்சை தேய்த்துக் கழுவித் துடைத்து, "இதை யாரும் தொடக்கூடாது" என்று அலமாரி மேல் ஏற்றிவைத்தாயிற்று. அம்மாச்சி அதைப் பார்த்துவிட்டு, "என்ன, பூசைப் பாத்திரமா?" என்றார்.

சர்க்கரையை வீட்டு மிக்ஸியில் அரைத்தால் ஆகாதா என்று அம்மா கேட்டார். ஆகும், கேக்குக்கு. இதற்கு ஆகாது. ஒரு குருணை போதும், ஐசிங் பையின் நுனியில் இருக்கிற நாசில் அடைத்துக்கொள்ளும். அதை விடுவிக்கப் பையை அழுத்தினால் புளிச்சென்று ஒரு பெரிய பொட்டு விழுந்து மரம் மொத்தமும் போகும்.

அடிக்கிறபோது மாவு மாதிரிச் சர்க்கரை பறக்கிறது. கையில், மூக்கில், இமையில் எல்லாம். மூச்சில் போனால் ரத்தத்தில் ஏறுமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். சிங்கப்பூரில் இருந்துகொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார். கேட்டது தப்பா?

ருசி பார்க்கிற வேலை இப்போது அப்பாவுக்கு.

நவம்பர் 1

89!

நவம்பர் 2

டீச்சரிடம் பேசினேன். இந்த ஊசியிலை மரத்தையும் பனிமலையையும் அந்தப் பையன் எங்கே பார்த்திருக்கிறான்? வெட்டவெளி என்றால் இங்கே இல்லாததா? தனுஷ்கோடி மணல், குடை விரித்தாற்போல நிற்கிற உடைமரம், பனை, குருசடைத் தீவு, பூநாரை. இங்கே ஆட்கள் தங்கலுக்கு, ராத்திரி வெளியே தங்கி மீன் பிடிக்க, போகிறார்களே, அதுவும் கேம்பிங்தானே. அவர் சிரித்தார், யோசித்தார், கரடி கட்டாயம் வேண்டும் என்றார். கடைசியில் பாதிக்குப் பாதி. கூடாரம், தீ, கரடி அவர்கள் இஷ்டம். உடைமரம், வல்லம் படகு, பாம்பன் ரயில் பாலம், பூநாரை என் இஷ்டம். பனிமலை போயே போச்சு. அதற்கு வெள்ளை நிறையச் செலவாகும்.

இன்று வயிற்றில் குழந்தையின் அசைவு குறைவோ என்று சந்தேகம். இடது பக்கம் சாய்ந்து படுத்து எண்ணினேன். பத்து வந்துவிட்டது, இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

நவம்பர் 4

நேற்று மத்தியானம் நிரப்பிய கூடாரங்களை இன்று மத்தியானம் விரல் நுனியால் தொட்டேன். பள்ளம் விழுந்தது. வெயில் காலத்தில், கச்சான் காற்று அடிக்கிற நாளில், இதே ஐசிங் ஒரு ராத்திரியில் ஓடு போல ஆகிவிடும். அதில் இருக்கிற தண்ணீர் வெளியே போனால்தான் காயும். வெளியே ஏற்கெனவே 88 சதவீதம் ஈரம் என்று போன் சொல்கிறது. போதாததற்குச் சர்க்கரையே ஈரத்தை இழுக்கிற சாமான்.

மின்விசிறியை நேராக முகத்துக்கு வைத்தேன். நிரப்பிய முதல் ஒரு மணி நேரம் காற்று பட்டால் மேலே சீக்கிரம் தோல் கட்டும், பளபளப்பும் நிற்கும், சின்ன இடங்கள் குழி விழாது. தீ நாக்குகள்தான் குழி விழுகிற இடம். அதற்கு முதலில் கெட்டி ஐசிங்கில் உள்ளே குறுக்கும் நெடுக்கும் கிறுக்கிவிட்டு, அதன்மேல் நிரப்ப வேண்டும்.

நான்கு மணிக்குக் கரண்ட் போனது. ஆறரைக்கு வந்தது. அந்த இரண்டரை மணி நேரமும் தட்டுகளை விசிறிமட்டையால் வீசிக்கொண்டிருந்தது அம்மாச்சி. எண்பது வயது. "தின்னப்போறதை எதுக்குடி இத்தனை வீசணும்" என்று கேட்டுக்கொண்டேதான், ஆனால் நிறுத்தவில்லை.

நவம்பர் 5

தட்டுகள் அனைத்தும் சித்தி வீட்டு ஏசி அறைக்குப் போய்விட்டன. சித்தப்பா கூடத்தில் படுத்துக்கொள்கிறார். ஏசி ஓடினால் அறையின் ஈரம் தண்ணீராகி வெளியே சொட்டுகிறது, அந்தக் குழாயைப் பார்க்க எனக்கு அவ்வளவு திருப்தி. ஃப்ரிட்ஜில் வைத்தால் என்ன என்று எல்லாரும் கேட்டுவிட்டார்கள். வெளியே எடுத்த நிமிடமே வியர்த்துவிடும், அவ்வளவுதான்.

காலை 98.

நவம்பர் 6

வல்லம் வரைந்த தட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார் அப்பா. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "அணியம், படகு முன்பக்கம், இப்படித் தட்டையா இருந்தா முதல் அலையிலேயே தண்ணி ஏறும்" என்றார். குக்கீயில் என்னப்பா அலை என்றேன். காதில் வாங்கவில்லை. என் கையிலிருந்து ஊசியை வாங்கி, ஈரம் காயாத நீலத்தில் ஓரத்தை மெதுவாக இழுத்து மேலே தூக்கினார். வலை முடைகிற விரல், தடித்துப்போன விரல், நடுங்கவே இல்லை. முனை எழும்பிவிட்டது. ஐசிங்கைப் பதினைந்து வினாடியில் சமமாகிற பதத்தில் வைத்திருந்ததால் ஊசித்தடமும் தானே மூடிக்கொண்டது.

அப்புறம் கடலைப் பற்றி ஒரு சண்டை. எல்லா வல்லத்துக்கும் கீழே சுருட்டைச் சுருட்டையாக அலை போட்டிருந்தேன். வல்லம் நிற்பது வடக்கே, சாதாரணமாக அமைதியான பெண்கடலில் என்றால் இத்தனை அலை எதற்கு, தெற்கே அலையடிக்கிற ஆண்கடல் என்றால் இந்த மாசத்தில் இப்படி இருக்காது என்கிறார். பாதிக்குச் சமமான பச்சைத் தண்ணீர், பாதிக்கு அலை என்று முடிவாயிற்று. பையன் கடித்துத் தின்னப்போகிறான், அவனுக்கு எந்தக் கடலாக இருந்தால் என்ன!

கூண்டு இறக்கிவிட்டார்கள். நாளை போகிறாராம்.

நவம்பர் 7

ஸ்கேன். குழந்தை 2.7 கிலோ. இந்த வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், பனிக்குடத் தண்ணீரும் கொஞ்சம் கூடுதல். "பயப்பட ஒன்றுமில்லை" என்றார் டாக்டர். காலைச் சர்க்கரை இப்படியே இருந்தால் இன்சுலின் போட வேண்டிவரும், நாற்பது வாரம் வரை விடமாட்டோம் என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். எதை எடுத்துக்கொள்வது?

திரும்பும்போது ரோட்டுப் பாலத்தில் காற்று காரைத் தள்ளியது. ராத்திரி வலி வந்தால் இதே பாலம்தான். ராமநாதபுரம் போக ஒரு மணி நேரம். காற்று பலமாக அடித்தால் ரயிலை நிறுத்திவிடுவார்கள், கார் போகும். போகும். என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். லீவு டிசம்பரில்தான் கிடைக்குமாம்.

நவம்பர் 8

ஒன்றும் செய்யவில்லை. படுத்தே கிடந்தேன்.

நவம்பர் 10

பாலம். இன்று முழுக்கப் பாலம்தான். பையனுக்கு அது தூக்கினபடியே இருக்க வேண்டுமாம். 1914-இல் திறந்த பழைய பாலம் என்றால் நடுவில் இரண்டு கையைப் போல விரிந்துகொண்டிருந்தது. அதை ஐசிங்கில் போட எனக்கு ஆசை, ஆனால் அந்தச் சாய்ந்த கம்பிகள் எல்லாம் ஈரக்காற்றில் துவண்டு ஒட்டிக்கொள்கின்றன. 2025 ஏப்ரலில் திறந்த புதியது 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே போகிறது. இரண்டு பக்கமும் கோபுரம், நடுவில் ஒரு நேர்கோடு. கைக்கு லேசு. ஆனால் அழகு? பழையதுதான் அழகு, யார் என்ன சொன்னாலும்.

கறுப்புக்கு வண்ணத்தை மட்டும் கொட்டினால் நாக்கு கறுத்துப்போகும், கசப்பும் வரும். கோக்கோ கலந்து பழுப்பாக்கிவிட்டு அப்புறம் கறுப்பு ஊற்றினால் கொஞ்சமே போதும். ஒரு ராத்திரி விட்டால் தானே இன்னும் கறுக்கும்.

தீயின் சிவப்பு இரண்டு கூடாரத்து வெள்ளையில் இறங்கியிருக்கிறது. அடி காய்ந்ததாகத்தான் இருந்தது. அந்த இரண்டும் சித்தி பிள்ளைகளுக்கு.

காலை 101. மாலை நடந்தேன், சர்ச் வரை.

நவம்பர் 11

மாமியார் போன். "உக்காந்து உக்காந்து குனிஞ்சு குனிஞ்சு என்ன வேலை அது, வயித்துல புள்ளையை வச்சுக்கிட்டு." சரிங்க அத்தை, சரிங்க அத்தை.

கரடி நன்றாக வந்திருக்கிறது. கரடி முகத்தில் மட்டும் எனக்கு ஏன் கை வருகிறது என்று தெரியவில்லை. பூநாரைக்குக் கால் ஒடிந்துகொண்டே இருக்கிறது. உண்மையான பூநாரைக்கூட்டத்தைத் தை மாதம் பார்க்க வேண்டும், கோதண்டராமர் கோயில் போகிற வழியில் தண்ணீரில் நிற்கும். தை மாதம் கையில் குழந்தை. யார் விடுவார்கள்.

நவம்பர் 12

102.

நவம்பர் 13

டாக்டருக்கு எண்களை அனுப்பினேன். இன்றைக்கே வந்து சேர்ந்துவிடச் சொல்கிறார், இன்சுலின் அங்கே வைத்து ஆரம்பிக்கிறார்களாம். அம்மா பை கட்டுகிறார், அப்பா காருக்குப் போயிருக்கிறார்.

சித்தி வசம் சொல்ல வேண்டியவை: காய்ந்த குக்கீஸ் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடணும், குக்கீ மேல் படாமல். உடைமரம் ஏழு பாக்கி, தண்டு போட்டாயிற்று, மேலே பச்சைக்குடை மட்டும். பச்சை ஐசிங் கிண்ணத்தில் ஈரத்துணி மூடி இருக்கிறது, அது ஃப்ரிட்ஜில் இருக்கலாம், எடுத்ததும் மறுபடி கிளறிவிட்டு வினாடி எண்ணிப் பார்க்கணும். பதினைந்து. இருபதானால் ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரே ஒரு சொட்டு. டீச்சர் 15 சாயங்காலம் ஆள் அனுப்புகிறேன் என்றார், அந்த நம்பர் என் போனில்