கோடியக்கரை ரோட்டுல மூணு காலைப்பொழுது

சித்தி பொண்ணு கல்யாணத்துக்காக வேதாரண்யம் போனேன், தை அமாவாசை முடிஞ்ச ரெண்டாவது நாள். மூணு நாள் தங்கணும்னதும் பையில முதல்ல எடுத்து வச்சது ரன்னிங் ஷூவைத்தான். போன வருஷம் சுகர் பார்டர்லைன்ல இருக்குன்னு டாக்டர் சொன்னதுக்கப்புறம் நடக்க ஆரம்பிச்சு, நடை ஓட்டமாகி, இப்ப வாரத்துல நாலு நாள் ஓடுறேன். சென்னையில எங்க ஏரியாவுல ஓடுறப்ப வாட்ச்சையும் ஸ்பீட் பிரேக்கரையும் தவிர வேற எதையும் பாத்ததில்ல, நம்பரு குறையணும் அவ்வளவுதான் எண்ணம்.

முதல் நாள் நாலே முக்காலுக்கு லாட்ஜை விட்டு எறங்கி தெற்கால கோடியக்கரை ரோட்டைப் புடிச்சேன். ஊர் முடிஞ்சு அகஸ்தியம்பள்ளி தாண்டினதும் தெருவிளக்கு நின்னு போச்சு, ரெண்டு பக்கமும் உப்பளம், மரம் இல்ல வீடு இல்ல, வெறும் வெட்டவெளி, அதுக்கு மேல இவ்வளவு நட்சத்திரமான்னு கால் தானா நின்னுடுச்சு. அமாவாசை ஒட்டின நாளுங்கிறதால விடியக்காலையில நிலா கிடையாது. தென்கிழக்குல விருச்சிகம் முழுசா வாலோட தெரியுது, நடுவுல கேட்டை நட்சத்திரம் செவப்பா. ரோடு போற திசையிலயே, நேர் எதிர்ல, தென்சிலுவை நாலு புள்ளியா நின்னுச்சு. கையை நீட்டி முஷ்டிக்கு மேல முஷ்டி வச்சா ரெண்டு முஷ்டி உயரம்தான். நம்ம ஊர்லருந்து அது தெரியும்னே எனக்கு அதுவரைக்கும் தெரியாது, நாப்பத்தோரு வயசு ஆச்சு. அதுக்கப்புறம் ஓடினேன்னு சொல்றதைவிட அதைப் பாத்துக்கிட்டே போனேன்னு சொல்லலாம்.

அந்த ரோட்டுல ஓடுறப்ப இன்னொண்ணும் மனசுல வந்துக்கிட்டே இருந்துச்சு. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலருந்து ராஜாஜி தலைமையில கெளம்பின நூறு பேர் வெயில்ல நடந்தே வந்து, ஏப்ரல் 30 அன்னிக்கு உப்பள்ளுனது இந்த அகஸ்தியம்பள்ளியிலதான். ஒரு நினைவுத்தூண் இருக்கு. பதினஞ்சு நாள் நடந்து வந்தவங்க காலை வச்ச மண்ணு. நான் நல்ல ஷூ போட்டுக்கிட்டு வந்து நிக்கிறேன், தூணைத் தொட்டு கும்பிட்டுட்டு திரும்பினேன்.

அன்னிக்கு சாயங்காலம் எல்லாரும் கோயிலுக்குப் போனோம். வேதாரண்யம் விளக்கழகுன்னு சொல்லுவாங்கல்ல, அந்த விளக்கைப் பத்தி ஒரு கதை, சின்ன வயசுல கேட்டதுதான், அத்தை மறுபடி சொன்னாங்க. அணையப்போற விளக்குல நெய்யைத் தின்ன வந்த எலி மூக்கால திரியைத் தெரியாம இடிச்சு விட்டுடுச்சாம், விளக்கு பளிச்சுன்னு எரிஞ்சுதாம், அதுக்காக சாமி அந்த எலியை அடுத்த பிறவியில மகாபலிச் சக்கரவர்த்தியா பிறக்க வச்சாராம். எலி வந்தது நெய்க்கு. கிடைச்சது மூவுலகம். அத்தை சாதாரணமா சொல்லிட்டு பிரகாரத்துல நடந்து போயிட்டாங்க, எனக்கு காலையில பாத்த வானம்தான் கண்ணுல நின்னுச்சு. நானும் சுகருக்காகத்தான் ஓட வந்தேன்.

ரெண்டாவது நாள் கோடியக்கரை வரைக்கும் போயிடணும்னு முடிவு பண்ணி கெளம்பினேன், பத்து பதினோரு கிலோமீட்டர் இருக்கும், திரும்ப பஸ்ல வந்துக்கலாம்னு ஐம்பது ரூபா பாக்கெட்ல. உப்பளத்துல மழைத்தண்ணியை வடிச்சு வரப்பு கட்டுற வேலை நடக்குற நேரம் இது, ஆறு மணிக்கெல்லாம் மம்பட்டியோட ஆளுங்க எறங்கிட்டாங்க. ஒரு பெரியவர் தலைத்துண்டை இறுக்கிக்கிட்டே "எங்க தம்பி, கோடியக்கரைக்கா? மெதுவா போ, வலது பக்கம் தண்ணியைப் பாத்துக்கிட்டே போ"ன்னார். எதுக்குன்னு சொல்லல.

கொஞ்ச தூரத்துல புரிஞ்சுச்சு. வெளிச்சம் பரவுறப்ப தண்ணிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, உப்புக் குவியல்னு நினைச்சேன், கோடு நகருது. பூநாரைங்க. நூத்துக்கணக்குல. தலையைத் தலைகீழா தண்ணிக்குள்ள விட்டு, காலால சேத்தைக் கலக்கிக் கலக்கி, அலகுல வடிகட்டித் தின்னுதுங்க. அந்த உப்புத்தண்ணியில இருக்கிற பாசியும் குட்டி இறாலும்தான் அதுங்க உடம்புக்கு அந்த ரோஸ் நிறத்தைக் குடுக்குது, சாப்பாடு மாறினா நிறம் வெளுத்துடும். சூரியன் வந்ததும் ஒரு கூட்டம் எழும்பிச்சு பாருங்க, றெக்கைக்கு அடியில செவப்பும் கருப்பும், எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு, ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல.

ஆனா என்னை அசைச்சது பெரிய பறவை இல்ல. ரோட்டுக்குப் பக்கத்துலயே, சேத்துல, கோழிக்குஞ்சு மாதிரி குடுகுடுன்னு ஓடி ஓடிக் கொத்திக்கிட்டிருந்த கொசு உள்ளான். இருபத்தஞ்சு கிராம் இருக்கும் ஒண்ணு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை எடை கூட கிடையாது. அது முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்கிறது ஆர்க்டிக் பக்கம், சைபீரியாவோட வடக்கு ஓரத்துல. குளிர் ஆரம்பிச்சதும் அங்கேருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இந்த வேதாரண்யம் சேத்துக்கு வந்து, வெயில் ஏறினதும் மறுபடி கெளம்பிடும். நான் எட்டு கிலோமீட்டர் ஓடிட்டு மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறேன், அது என்னைப் பாக்கவே இல்ல, அதுக்கு வேலை இருக்கு. ரோட்டோரம் உக்காந்து கால் மணி நேரம் அதையே பாத்தேன். வாட்ச்சை நிறுத்தவும் மறந்துட்டேன், அன்னிக்கு ஆவரேஜ் ஸ்பீடு என்ன வந்துச்சுன்னு இன்னும் பாக்கல.

கோடியக்காடு வந்ததும் ரெண்டு பக்கமும் காடு மூடிக்கிச்சு. நான் சரணாலயத்துக்கு உள்ள போகல, ரோட்டுலயே போனேன். 1967லருந்து இது சரணாலயம், முக்கியமா வெளிமானுக்காக. மரம் விலகின ஒரு எடத்துல புல்வெளியில ஒரு கெடா நின்னுச்சு, முறுக்கு முறுக்கா கொம்பு, முதுகு கருப்பு வயிறு வெள்ளை, என்னைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு ரெண்டே தாவுல போயிடுச்சு. இங்கதான் குழகர் கோயில். சுந்தரர் இங்க வந்து, கடற்காத்து இப்படி அடிக்குதே, பக்கத்துல குடியிருக்க ஒரு ஆள் இல்லையே, யார் துணைன்னு இங்க இருக்கீங்கன்னு சாமிகிட்டயே வருத்தப்பட்டிருக்கார். காலையில அந்தக் காத்துல நின்னா அவர் கேட்டது நியாயம்னுதான் தோணுது.

கோடியக்கரை டீக்கடையில அண்ணன் ஒருத்தர் டீ ஆத்திக்கிட்டே பேசுனார். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல். "ராத்திரி படுக்கறப்ப காடு இருந்துச்சு தம்பி, விடிஞ்சு பாத்தா ஆகாசம் தெரியுது, மரமெல்லாம் படுத்துடுச்சு. மானு செத்துக் கெடந்துச்சு, குதிரை செத்துக் கெடந்துச்சு. இனிமே எங்க வரப்போகுதுன்னு நினைச்சோம்." கிளாஸை என் கையில குடுத்துட்டு, "அப்புறம் மழை பேஞ்சுச்சு, தளுக்க ஆரம்பிச்சுச்சு, பறவையும் வந்துச்சு"ன்னார், அவ்வளவுதான், அடுத்த ஆளுக்கு டீ போடப் போயிட்டார். நான் கடற்கரைக்கு நடந்தேன். வடக்கேருந்து நேரா எறங்கி வர்ற கரை இந்த முனையிலதான் மேற்கால திரும்புது, அதனால கடல்லயே சூரியன் உதிக்கிறதும் பாக்கலாம், கடல்லயே விழறதும் பாக்கலாம். சோழர் கால கலங்கரை விளக்கம் ஒண்ணு இருந்ததாம், 2004 சுனாமியில போயிடுச்சு. ஷூவைக் கழட்டிட்டு முழங்கால் தண்ணியில நின்னு, யாருக்குன்னு தெரியாம, நன்றின்னு வாய்விட்டு சொன்னேன். பக்கத்துல வலை உதறிக்கிட்டிருந்தவர் திரும்பிப் பாத்துட்டு தலையாட்டினார்.

பஸ் புடிச்சு வந்து சேர்றப்ப மாப்பிள்ளை அழைப்புக்கு எல்லாரும் ரெடி, வீடு பூரா முல்லைப்பூ வாசனை. எங்கடா போன இவ்வளவு நேரம்னு அம்மா சட்டையைத் தொட்டுப் பாத்தாங்க, முதுகுல வேர்வை காஞ்சு வெள்ளையா உப்பு பூத்திருந்துச்சு. கொசு உள்ளானைப் பத்திச் சொன்னேன். "இத்துனூண்டு பறவையா"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க.

மூணாவது நாள் அஞ்சரைக்கு கார் வருதுன்னு சொல்லியிருந்தாங்க. நாலு மணிக்கே முழிப்பு வந்துடுச்சு. அம்மாவும் வர்றேன்னாங்க, அதனால ஓடல. ஒரு ஆட்டோவை எழுப்பி அகஸ்தியம்பள்ளி வரைக்கும் போய், உப்பளம் ஓரமா ரெண்டு பேரும் நின்னோம். இருட்டுல ஒரு பறவையும் தெரியல, தண்ணியில எங்கேயோ சளக் சளக்னு சத்தம் மட்டும். அம்மாவுக்கு கையை நீட்டி முஷ்டி வச்சு தென்சிலுவையைக் காட்டினேன். முந்தானையைத் தலையில போத்திக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க.