கரீசோ சமவெளியில் முறிந்து திரும்பும் ஓடை

கலிஃபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போ மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், டெம்ப்ளர் மலைத்தொடருக்கும் கலியென்டே மலைத்தொடருக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது கரீசோ சமவெளி. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து காரில் சில மணி நேரத்தில் வந்துவிடலாம் என்றாலும், 58ஆம் எண் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பியதுமே ஊர், கடை, பெட்ரோல் நிலையம் எல்லாம் பின்தங்கிவிடுகின்றன. 2001இல் தேசிய நினைவுச்சின்னமாக, அதாவது அரசு பாதுகாக்கும் நிலப்பரப்பாக, அறிவிக்கப்பட்ட இந்தப் பரப்பில் குடிநீர்கூடக் கிடைக்காது. மழை பெய்துவிட்டால் மண்பாதைகளில் வண்டி புதைந்துவிடும் என்பதால், வானிலையைப் பார்த்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

நான் அங்கு சென்றது சான் ஆண்ட்ரியாஸ் பிளவைக் காண்பதற்காக. புவியின் மேலோட்டைச் சேர்ந்த பெரும் பாறைப் பாளங்களான பசிபிக் தட்டும் வட அமெரிக்கத் தட்டும் ஒன்றையொன்று உரசி நகரும் இந்த எல்லை, சுமார் 1,200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கலிஃபோர்னியாவை ஊடறுத்துச் செல்கிறது. பிளவு என்றதும் வாய் பிளந்த பள்ளம் ஒன்றை மனம் கற்பனை செய்துகொள்கிறது. ஆனால் டெம்ப்ளர் மலையடிவாரத்தில் இருப்பதெல்லாம் தாழ்வான மேடுகளும், அவற்றை ஒட்டிய நீண்ட சரிவும், காய்ந்த புல்லும், கங்காரு எலிகளின் வளைகளும்தான். பிளவைக் காட்டித் தருவது வாலஸ் ஓடை என்னும் வறண்ட நீர்த்தடம்.

மலையிலிருந்து தென்மேற்காக நேரே இறங்கிவரும் அந்த ஓடை, பிளவைத் தொட்ட இடத்தில் சட்டென்று வலப்புறம் முறிந்து, ஏறத்தாழ 130 மீட்டர் தூரம் பிளவின் ஓரமாகவே சென்று, பிறகு இடப்புறம் திரும்பித் தன் பழைய திசையில் தொடர்கிறது. முதல் முறிவின் கரையில் நின்று பார்த்தபோது என் காலடியில் வண்டலும் கூழாங்கற்களும் அடுக்கடுக்காகத் தெரிந்தன. எதிரே, ஓடையின் மேற்பகுதிக்கு நேராகக் கீழ்ப்பகுதி இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் புல்வெளி மட்டுமே இருந்தது. தண்ணீர் இங்கே தானாக வளைந்து ஓடவில்லை. அது ஓடிய நிலம் இரண்டாக அறுபட்டு, அதன் ஒரு பாதி வடமேற்கே போய்விட்டது.

கெர்ரி சீ, ரிச்சர்ட் ஜான்ஸ் ஆகிய நிலவியலாளர்கள் இந்த ஓடைப் படிவுகளின் வயதைக் கார்பன் முறையில் கணித்து 1984இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 3,700 ஆண்டுகளில் 130 மீட்டர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 34 மில்லிமீட்டர் நகர்வு என்பது அவர்கள் கண்ட கணக்கு. அதற்கும் முந்தைய காலத்தில் ஓடை பயன்படுத்திக் கைவிட்ட படுகை ஒன்று வடமேற்கே இன்றும் கிடக்கிறது. வளைந்து வளைந்து பாதை நீண்டுபோனதும், தண்ணீர் நேராக ஒரு புதிய வழியை வெட்டிக்கொண்டு பழையதை விட்டுவிட்டது.

ஆனால் சராசரி என்பது இங்கே ஏமாற்றக்கூடியது. பிளவின் இந்தப் பகுதி ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நகர்வதில்லை. இறுகிப் பூட்டிக்கொண்டு கிடந்து, அழுத்தம் தாங்காதபோது ஒரே உதறலில் நகர்கிறது. கடைசியாக அப்படி நகர்ந்தது 1857 ஜனவரி 9 அன்று. டெஹோன் கோட்டை நிலநடுக்கம் என்று அறியப்படும் அதன் அளவு 7.9 என மதிப்பிடப்படுகிறது. நிலம் சுமார் 350 கிலோமீட்டர் நீளத்துக்கு முறிந்தது. வாலஸ் ஓடைக்கு அருகிலுள்ள சிறு நீர்த்தடங்களைக் கொண்டு, அன்று இங்கே நிலம் 9 மீட்டர் வரை நகர்ந்ததாக நெடுங்காலம் கருதினார்கள். பின்னாளில் வானிலிருந்து லேசர் கொண்டு அளந்தபோது அது சுமார் 5 மீட்டர் என்று தெரிந்தது. அதன்பின் கடந்த ஆண்டுகளை அந்த 34 மில்லிமீட்டரால் பெருக்கிப் பார்த்தேன். அடுத்த உதறலுக்காகச் சேர்ந்திருக்கும் நகர்வு இப்போதே 5 மீட்டரைத் தாண்டிவிடுகிறது.

இதே பிளவு சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே நீர்த்தேக்கங்களின் அடியிலும் குடியிருப்புகளின் அடியிலும் மறைந்து செல்கிறது. இங்கே அது வெளிப்படையாக இருப்பதற்கு வறட்சியே காரணம். மழை குறைவாதலால் மேடுகள் கரையவில்லை. நகரம் எழாததால் அவற்றை யாரும் சமப்படுத்தவும் இல்லை. பூக்கள் விரியும் வசந்த காலத்தில்தான் கூட்டம் வருகிறது, அது காணத்தக்க காட்சிதான். ஆனால் பிளவைக் காண்பதே நோக்கம் என்றால், புல் காய்ந்து படிந்துவிட்ட இலையுதிர் காலத்தில், வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ செல்வதே நல்லது என்பேன். உச்சி வெயிலில் மேடும் சரிவும் ஒரே நிறமாகிவிடுவதால் எதிரே இருப்பதுகூடக் கண்ணுக்குப் பிடிபடாது.