நாலு கோர் கேபிளில் மிச்சமான மஞ்சளும் நீலமும்

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டுக்குப் புது கரண்ட் சர்வீஸ் வாங்கினோம். இப்போதைக்கு சிங்கிள் ஃபேஸ் போதும், ஆனால் லோடு 4 கிலோவாட்டைத் தாண்டினால் த்ரீ ஃபேஸ் எடுத்தாக வேண்டும், ஏசியும் மோட்டாரும் சேர்ந்தால் அதற்கு ரொம்ப நாள் ஆகாது. கம்பத்திலிருந்து மீட்டர் வரை கேபிள் புதைக்க, கிளுவை வேலி ஓரமாகச் சரளை மண்ணில் ஒரு தடவை குழி எடுத்ததே போதும் போதும் என்றாகிவிட்டது. அதனால் ரெண்டு கோர் (கேபிளுக்குள் ஓடும் தனித்தனிக் கம்பி) போதுமான இடத்தில் நாலு கோர் அலுமினிய ஆர்மர்ட் கேபிளே, அதாவது இரும்புக் கவசம் சுற்றியதே, போட்டோம். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல்; த்ரீ ஃபேஸ் வந்தால் மற்ற ரெண்டு ஃபேஸுக்கு ஆகும் மஞ்சளும் நீலமும் இப்போதைக்கு மிச்சம்.

அத்தனை பேச்சும் இந்த மிச்சத்தை வைத்துத்தான். "ஏனுங்க தம்பி, சும்மா கெடக்கறதுதானுங்க, மஞ்சளைச் சிவப்போடவும் நீலத்தைக் கறுப்போடவும் சேர்த்து முறுக்கிட்டா கேபிள் சூடாகாதுங்க" என்றார் ஒயர்மேன் அண்ணன். எனக்கு மனசு ஒப்பவில்லை. சேர்த்த ரெண்டில் ஒன்று லூசானால் வெளியே தெரியாது, ரெண்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்ட ஃபியூஸும் போகாது, முழு லோடும் இன்னொன்றின் தலையில் ஏறும். அதோடு, நாளைக்கு த்ரீ ஃபேஸ் மாற்ற வருகிறவர் நீலம் நியூட்ரலாக இருக்கும் என்று கனவா காண்பார்? ஒட்ட வெட்டிவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. வெட்டினால் அப்புறம் ஜாயின்ட் போட்டுத்தான் நீட்ட வேண்டும், அலுமினியத்தில் ஜாயின்ட் என்றாலே தலைவலி.

லைன் கொடுத்த அன்று தனிக் கூத்து. லைன்மேன் மஞ்சள் கோரில் டெஸ்டரை வைத்தார், எரிந்தது. எங்கேயும் இணைக்காத கோர்! மல்டிமீட்டர் 70 வோல்ட்டை ஒட்டிக் காட்டியது. புதுக் கேபிள் போச்சு என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். புதைத்த பிறகு, இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்த்திருந்ததால் நான் அவ்வளவு பயப்படவில்லை. லைன்மேன் மல்டிமீட்டரை எடுக்காமலே மஞ்சளுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் கொடுத்தார், பல்பு எரியவில்லை, வோல்ட்டேஜும் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது. ஃபேஸ் கோர் கூடவே போவதால், நடுவில் இருக்கிற இன்சுலேஷன் கெப்பாசிட்டர் மாதிரி வேலை செய்து ஏறுகிற வோல்ட்டேஜ் இது. நியான் டெஸ்டர் எரியத் துளி கரண்ட் போதும், பல்புக்குப் போதாது. பல்பு எரிந்திருந்தால் கதையே வேறு, உள்ளே எங்கோ நிஜமாகவே ஃபால்ட். எதுவானாலும், இணைக்காத கோர்தானே என்று வெறுங்கையால் தொடுகிற வேலை வேண்டாம்.

அப்புறம் லைனை நிறுத்தச் சொல்லி, மீட்டர் பக்கம் ரெண்டையும் டெர்மினல் வரை எட்டும் நீளத்துக்கு விட்டு வளைத்து, முனைக்குச் சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் கேப் போட்டு, 'ஸ்பேர்' என்று டேக் கட்டினோம். வெறும் டேப் நம்ம ஊர் வெயிலுக்குப் பசை இளகி உரிந்துவிடும். கம்பத்து முனைக்கும் அதே கேப்தான், அங்கே இது இன்னும் முக்கியம்: திறந்து கிடந்தால் மழைத் தண்ணி அலுமினிய இழைகளுக்கு நடுவே இறங்கி, கேபிளுக்குள்ளேயே மீட்டர் பாக்ஸ் வரை வந்து சேரும். மிச்சக் கோரை எர்த்தில் கட்டிவிடலாமே என்று சித்தப்பா கேட்டார். கட்டினால் டெஸ்டர் எரியாதுதான், ஆனால் கம்பத்து முனை நம் கையில் இல்லை, பின்னாளில் யாராவது அங்கே ஃபேஸ் கொடுத்தால் நேராக ஷார்ட். ஆர்மரை, அதாவது அந்த இரும்புக் கவசத்தை மட்டும், கிளாண்ட் (கேபிளை முனையில் இறுக்கிப் பிடிக்கும் உலோகப் பிடிப்பு) வைத்து எர்த் பண்ணினோம்.

மீட்டருக்கு முன்னால் இருப்பதை ஈபி சீல் வைத்துவிடும், அதில் நாம் கை வைக்கக் கூடாது. கேப், டேக் எல்லாம் கையோடு வாங்கி வைத்துக்கொண்டு, லைன்மேன் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.